ஏ.டி.எச்.டி.: கவனக்குறைவும் பராக்கும்

புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டப் பங்குகளில் மறைக்கல்வி வகுப்பும் இளையோர் குழுவும் நடத்துவோரிடையே ‘ஏ.டி.எச்.டி. பிள்ளை’ என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கவனம் ஓரிடத்தில் நிற்காமையும் அளவுமீறிய துறுதுறுப்பும் கொண்ட இந்நிலைக்கு (ஆங்கிலத்தில் ‘அட்டென்ஷன் டெஃபிசிட் ஹைப்பராக்டிவிட்டி டிஸார்டர்’) தமிழில் பெரிதும் வழங்குவது ‘கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு’ என்னும் தொடர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிழையில்லை. ஆயினும் ‘ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து’ என்று நாளிதழில் படித்துப் பழகியவர்க்கு, கவனக்குறைவு என்பது நினைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய குற்றமாகவே ஒலிக்கும்.

மருத்துவமும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசியது. 1902இல் லண்டனில் ஆற்றிய உரைகளில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், இத்தகைய பிள்ளைகளிடம் ஒழுக்கக் கட்டுப்பாடு குன்றியிருப்பதாகக் கூறினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1968இல் இதனை மிகையியக்கத்தை வைத்துப் பெயரிட்டது. 1980இல் கவனம் பெயருக்குள் வந்தது. இன்றைய பெயர் 1987இல் அமைந்தது. ஆங்கிலத்தில் இவ்வாறு உதிர்ந்த பழி, தமிழாக்கத்தின் வழியே மீண்டும் நுழைந்துவிடுகிறது.

கத்தோலிக்கத் தமிழில் இதற்கு அணுக்கமான பழஞ்சொல் ஒன்று உண்டு: ‘பராக்கு’, அதாவது கவனம் சிதறுதல். செபமாலை எனப்படும் ஐம்பத்துமூன்று மணிச் செபத்தின் தொடக்கத்தில் ‘பராக்கில்லாமல்’ முடிக்க அருள்கேட்கிறோம். பெரியவர்களுக்கும் பராக்கு வரும் என்பதை ஒப்புக்கொண்ட வேண்டுதல் அது. விந்தை என்னவெனில், மன்னர் வருகையில் கட்டியங்கூறுவோர் ‘பராக்கு, பராக்கு’ என்றது ‘கவனம்’ என்னும் பொருளில். ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. மறையுரையின்போது நெளியும் பிள்ளை, கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது இரண்டு மணி நேரம் அசையாமல் இருப்பதைக் கண்டவர்க்கு இது வியப்பாயிராது. கவனம் அவனிடம் இல்லாமலில்லை, வேண்டிய இடத்தில் நிற்பதில்லை.

ஆங்கிலப் பெயரில் கவனத்தைக் குறிக்கும் ‘அட்டென்ஷன்’, ‘ஒன்றை நோக்கி நீட்டுதல்’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழோ கருத்தை ‘ஊன்றுகிறது’. வேரூன்றாத நாற்றை எவரும் ஏசுவதில்லை என்பதால், ‘கருத்தூன்றாமை மிகையியக்கக் கோளாறு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மூன்றாவது கூறான உந்துதலை ஆங்கிலப் பெயரும் விட்டுவிட்டது. கேள்வி முடியுமுன் பதில் சொல்லும் அதனை, பண்ருட்டிப் பக்கத்துக்காரர்கள் முந்திரிக்கொட்டைத்தனம் என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்கள்.

குழுவில் நடைமுறை எளியது: ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, முன்வரிசை இடம், பாட்டுத்தாள் கொடுப்பது போன்ற நடமாட்டமுள்ள பொறுப்பு, செபமாலையில் பத்துப் பத்து மணிகளை ஆளுக்கொருவராகப் பகிர்ந்து சொல்லுதல். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சூட்டுவது நம் வேலையன்று, மருத்துவரின் வேலை. அவர் அப்படி முடிவுசெய்ய, அறிகுறிகள் 12 வயதுக்குமுன் தொடங்கி, வீடு, பள்ளி எனக் குறைந்தது இரண்டு சூழல்களில், 6 மாதமேனும் நீடித்திருக்க வேண்டும். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் பார்த்தவர் பெற்றோரிடம் சொல்லக்கூடியது, ‘இங்கே பராக்காக இருக்கிறான்’ என்பது மட்டுமே.