ஹாட்யாய்க்கும் தி.நகருக்கும் போய்வந்த கணக்கு

தீபாவளி நெருங்கும்போது என் அலுவலகத்தில் ஒரே பேச்சுதான். தென் தாய்லாந்தின் ஹாட்யாயில் துண்டு என்ன விலை, சென்னை தி.நகரில் பட்டு என்ன விலை, யாருடைய மைத்துனி எத்தனை பெட்டியோடு வந்து இறங்கினாள். மார்ச் மாதம் வருமான வரிப் படிவம் நிரப்பும் காலத்தில் அதே ஆட்கள் கடனட்டை அறிக்கைகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைக்கிறார்கள். அப்போது யாரும் துண்டைப் பற்றிப் பேசுவதில்லை.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் சிறு கடைக்காரர்களுக்கும் குடும்பங்களுக்கும் கணக்குப் பார்ப்பது என் தொழில். எல்லை தாண்டிப் போய்ப் பொருள் வாங்கினால் மிச்சமாகுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் சிலருக்குப் பிடிப்பதில்லை. பொருளின் விலை அங்கே குறைவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயணச் செலவை அந்தப் பொருளின் மேல் ஏற்றிப் பார்த்த குடும்பத்தைத்தான் நான் அரிதாகப் பார்க்கிறேன்.

முதலில் பக்கத்து ஊர். பட்டர்வொர்த்திலிருந்து காரில் கிளம்பினால் மலேசிய எல்லைச் சாவடியான புக்கிட் காயு ஈத்தாம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். எல்லையைத் தாண்டி சடாவ், அங்கிருந்து ஹாட்யாய் இன்னும் 60 கிலோமீட்டர் அளவில். நான்கு பேர், இரண்டு இரவு என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல், டோல், தாய்லாந்துச் சாலையில் ஓட்டக் கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதி, வாகனப் படிவங்கள், இரண்டு அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 900 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று நான் தோராயமாகப் போடுகிறேன். 2025 மே 1 முதல் தாய்லாந்து கேட்கும் மின்னியல் வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. ஆனாலும் எல்லையோரக் கடைகளில் அதை நிரப்பித் தரக் காசு வாங்குகிறார்கள், நம் ஆட்களும் கொடுக்கிறார்கள்.

இனி வாங்கியது. கிம் யோங் சந்தையில் முந்திரி, உலர்பழம், நொறுக்குத் தீனி. வெளியே துண்டு, டி-சட்டை, செருப்பு. இங்கே 2,000 வெள்ளி ஆகக்கூடியதை அங்கே 1,500 வெள்ளிக்கு வாங்கினீர்கள் என்றால் மிச்சம் 500. செலவு 900. ஆக, கைவிட்டுப் போனது 400 வெள்ளி. நான்கு பேருக்கு இரண்டு நாள் உல்லாசப் பயணம் 400 வெள்ளியில் முடிந்தது என்று பார்த்தால் அது நல்ல விலைதான். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை 'விடுமுறை' என்ற தலைப்பில் எழுத வேண்டும். 'சேமிப்பு' என்ற தலைப்பில் எழுதினால் அடுத்த மாதமும் போகத் தோன்றும்.

சேமிப்பு என்று சொல்பவர்கள் கவனிக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. தாய்லாந்தின் 7 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியைப் பயணிகள் திரும்பப் பெறலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மை. ஒரே கடையில் ஒரே நாளில் குறைந்தது 2,000 பாட்டுக்கு வாங்க வேண்டும்; திட்டத்தில் சேர்ந்த கடையாக இருக்க வேண்டும்; நாட்டைவிட்டு அனைத்துலக விமான நிலையம் வழியாகப் போக வேண்டும். காரிலும் ரயிலிலும் திரும்புகிறவர்களுக்கு அந்தப் பணம் இல்லை. நம் பினாங்குக் குடும்பங்களில் எத்தனை பேர் ஹாட்யாயிலிருந்து விமானத்தில் திரும்புகிறார்கள்?

இரண்டாவது நம் பக்கத்துச் சட்டம். சுங்கத் துறையின் பயணிச் சலுகை, மலேசியவாசி குறைந்தது 72 மணி நேரம் நாட்டுக்கு வெளியே இருந்திருந்தால்தான் பொருந்தும். வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு மாலை திரும்பும் குடும்பம் அந்த நேரத்தைத் தொடுவதே இல்லை. 72 மணி நேரத்தைத் தாண்டினாலும் புதிய உடைகளில் ஒருவருக்கு மூன்று, புதிய காலணியில் ஒரு ஜோடிதான். பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதால் சலுகை இருந்தது என்று ஆகிவிடாது. இதை நான் சொல்லும்போது, "இத்தனை வருசமாகப் போய் வருகிறோம், ஒருவரும் கேட்டதில்லையே ஐயா" என்பார்கள். கேட்கிற அன்றைக்குத்தான் என்னைத் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள்.

மழைக்காலத்தையும் கணக்கில் சேருங்கள். 2025 நவம்பரில் ஹாட்யாயை வெள்ளம் மூழ்கடித்தபோது ஆயிரக்கணக்கான மலேசியர்கள் ஹோட்டல்களில் சிக்கிக்கொண்டார்கள். பயணக் காப்புறுதிக்குச் செலவாகும் சில பத்து வெள்ளியை மிச்சம் பிடிப்பதில் எந்தக் கெட்டிக்காரத்தனமும் இல்லை.

இதெல்லாம் சில நூறு வெள்ளிக் கதை. பெரிய பணம் போவது கல்யாணத்துக்குத் தமிழ்நாடு போகும் பயணத்தில். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் பல காலமாக உண்டு. 2024 டிசம்பரிலிருந்து பினாங்கிலிருந்தே சென்னைக்கு நேரடி விமானமும் வந்துவிட்டதால் ஆசை இன்னும் கிட்டே வந்துவிட்டது.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுகிறேன். ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 25,000 ரூபாய்ப் பட்டு இங்கே 1,250 வெள்ளி ஆகிறது. அதே தரத்துப் பட்டுக்கு ஜார்ஜ்டவுன் லெபோ பசார் கடையில் 1,900 வெள்ளி சொல்கிறார்கள் என்போம். ஒரு சேலைக்கு மிச்சம் 650. மணப்பெண், அம்மா, அத்தை, அத்தை மகள் என நான்கு பேர் போகிறார்கள். பெட்டி எடையோடு சேர்த்து டிக்கெட் ஆளுக்கு 900, ஆக 3,600. ஐந்து இரவு, இரண்டு அறை, 1,800. விசா, சாப்பாடு, ஆட்டோ, டாக்சி 1,600. மொத்தம் 7,000 வெள்ளி. பதினொரு பட்டுச்சேலை வாங்கினால்தான் போய்வந்த செலவு தேறும். பதினோராவதில் 150 வெள்ளி மிஞ்சும்; முழு லாபம் பன்னிரண்டாவது சேலையிலிருந்துதான்.

இரண்டு பேர் மட்டும் போனால்? ஒரு அறை போதும், செலவு ஏறத்தாழப் பாதி, ஆறாவது சேலையிலேயே கணக்கு நேராகிவிடும். பயணம் லாபமா நஷ்டமா என்பதைத் தி.நகர் கடைக்காரர் முடிவு செய்வதில்லை. விமான நிலையத்துக்கு எத்தனை பேர் கிளம்பினார்கள் என்பதிலேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. அத்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்லும் துணிவு கணக்காளருக்கு உண்டு. மணப்பெண்ணின் அப்பாவுக்கு இருப்பதில்லை.

மேலே "அதே தரத்துப் பட்டு" என்று எழுதினேன். உண்மையில் அங்கேதான் ஒப்பீடு சறுக்குகிறது. என்னிடம் கணக்குப் பார்க்கும் சேலை வியாபாரி ஒருவர் இதை அலுக்காமல் சொல்வார்: ஜரிகை என்ன ஜரிகை, சேலை என்ன எடை என்று கேட்காமல் விலையை மட்டும் ஒப்பிட்டால் எந்த ஊரும் மலிவாகத்தான் தெரியும். வெள்ளி இழையில் பொன்முலாம் பூசிய ஜரிகைக்கும் செம்பு இழை ஜரிகைக்கும் விலையில் மலையும் மடுவுமான வித்தியாசம். பட்டுக்கு 'சில்க் மார்க்' அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இழை பட்டு என்பதற்குத்தான் சான்று, ஜரிகைக்கு அல்ல. இங்கே 1,900 வெள்ளி சொன்ன சேலையைப் படம் எடுத்து, எடையையும் ஜரிகை வகையையும் எழுதிக்கொண்டு போகிறவர்கள்தான் அங்கே சரியாக வாங்குகிறார்கள். இங்கே வாங்கினால் நிறம் பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். அங்கே வாங்கியது வாங்கியதுதான்.

பட்டியலுக்கு வெளியே வாங்குவது தனிக் கதை. பெட்டியில் இடம் இருக்கிறது, எடைக்குக் காசு கட்டியாகிவிட்டது, "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்" என்ற எண்ணம் வேறு. குத்துவிளக்கு, எவர்சில்வர் பாத்திரம், தாம்பூலப் பை, கொழுந்தன் பிள்ளைகளுக்குச் சுடிதார். என்னிடம் வரும் பில் கட்டுகளில் முகூர்த்தப் புடவையைவிட இந்த உதிரிச் சாமான்களின் தொகை பெரிதாக இருப்பது வழக்கமான காட்சி. இவற்றுக்கு "இங்கே என்ன விலை" என்ற கேள்வியே எழுவதில்லை, ஏனென்றால் இங்கே இருந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டார்கள். வாங்காத பொருளில் மிச்சம் நூற்றுக்கு நூறு.

நகையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தங்கம் இந்தியாவில் மலிவு என்பது பழைய நம்பிக்கை. இந்தியா தனக்கு வேண்டிய தங்கத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது, அதற்கு இறக்குமதி வரி உண்டு. 2024 ஜூலையில் அந்த வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காட்டுக்குக் குறைத்தார்கள். அதன் மேல் வாங்குபவர் 3 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டுகிறார். ஆகவே கிராம் விலையை வெள்ளிக்கு மாற்றி, இங்கே கடை வாசலில் எழுதிப்போட்டிருக்கும் 916 (22 காரட்) விலையோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பெரும்பாலும் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான் இருக்கும். கல் பதித்த கனமான வேலைப்பாட்டு நகைக்கு அது பொருட்டாக இருக்கலாம்; எளிய சங்கிலிக்கு இருக்காது. வாங்கினால் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறியீடும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். நாளை இங்கே விற்கவோ மாற்றவோ போனால், தன் கடை பில் இல்லாத நகைக்கு நகைக்கடைக்காரர் என்ன கொடுப்பார் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ரொக்கமாகக் கட்டிவிடலாம் என்று கட்டுக்கட்டாகக் கொண்டுபோகிறவர்களுக்கு: இந்தியக் கடைக்காரர் ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. நம் கணக்கில் அது 10,000 வெள்ளிதான். 5,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட மதிப்பில் வெளிநாட்டு நோட்டுக் கொண்டுபோனால் இந்தியாவில் அறிவிக்க வேண்டும். 10,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் மலேசியாவை விட்டுக் கிளம்பும்போதே சுங்கப் படிவம் 22 நிரப்ப வேண்டும்.

அட்டையில் கட்டினால் வங்கி நாணய மாற்றுக் கட்டணம் பிடிக்கும். அது தெரிந்த செலவு. தெரியாத செலவு, கடையின் இயந்திரம் "வெள்ளியில் கட்டுகிறீர்களா, ரூபாயில் கட்டுகிறீர்களா" என்று கேட்கும் இடத்தில் இருக்கிறது. வெள்ளி என்றதும் நமக்கு மனம் குளிர்கிறது. விரல் அங்கேயே போகிறது. மாற்று விகிதத்தை அப்போது உங்கள் வங்கி போடுவதில்லை, கடைப் பக்கத்தில் இருக்கும் நிறுவனம் தன் லாபத்தைச் சேர்த்துப் போடுகிறது. எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். தாய்லாந்தில் நம் வங்கிச் செயலியாலேயே பிராம்ப்ட்பே எனும் தாய்லாந்துக் கட்டண முறையின் கியூஆர் குறியீட்டை வருடிக் கட்டலாம். சிறு தொகைகளுக்கு அது வசதி.

திரும்பி வந்த பிறகு வரும் செலவுதான் கொடுமை. மலேசியக் கடனட்டை வட்டி, தவணை தவறாமல் கட்டுபவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, அடிக்கடி தவறுபவருக்கு 18 வரை. கல்யாணச் செலவில் 8,000 வெள்ளியை அட்டையில் போட்டுவிட்டு அரை வருடம் அசலை அப்படியே நிறுத்தி வைத்தால், 18 விழுக்காட்டில் வட்டி மட்டும் 720 வெள்ளி. மேலே ஒரு பட்டுச்சேலையில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம். கையில் ரொக்கம் இல்லாமல் "மலிவாக வாங்கப் போகிறோம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும், முகத்தில் காட்டுவதில்லை.

பூ, பழம், செடி, விதை, இறைச்சி, பால் பொருள் எதுவானாலும் மாக்கிஸ் எனும் மலேசியத் தனிமைப்படுத்தல், சோதனைச் சேவைத் துறையின் விதிகளைப் பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். மதுரை மல்லிகைக்கும் இது பொருந்தும்.

கடைசியாக, வீட்டிலிருந்தே சேலையும் சுடிதாரும் விற்கும் பெண்களுக்குச் சில வார்த்தை. இப்போது என்னிடம் அதிகம் வருவது அவர்கள்தான். நேரலையில் விற்கிறார்கள், வாட்ஸ்அப்பில் விற்கிறார்கள், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை இரண்டு பெட்டியோடு போய் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். விற்பதற்காகக் கொண்டுவரும் சரக்குக்குப் பயணிச் சலுகை கிடையாது. அது இறக்குமதி, சுங்கப் படிவம் 1 வழியாகத்தான் வர வேண்டும். அனுப்பும் முகவர் ஒருவரைப் பிடித்து, பலர் சேர்ந்து ஒரே சரக்காக வரவழைத்தால் ஒரு சேலைக்கு விழும் அனுப்புக்கூலி, பெட்டி எடைக்கும் டிக்கெட்டுக்கும் கொடுப்பதைவிடக் குறைவாக வருவதை அவர்கள் கணக்கிலேயே காட்டியிருக்கிறேன். லெபோ பசார் கடைகள் அப்படித்தான் வரவழைக்கின்றன. வாடகையும் ஆள் சம்பளமும் கொடுத்த பிறகும் சில சாதாரண ரகங்களில் அவர்களால் உங்கள் விலைக்கே விற்க முடிவதன் காரணம் அதுதான். பெரிய இணையக் கடைகளில் வரவழைப்பவர்கள், 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி இருப்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வருமான வரிக் கணக்கில் அவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். விற்ற பணம் வங்கிக் கணக்கில் அச்சுப்போல் பதிவாகி இருக்கிறது. வாங்கியதற்குச் சான்று இல்லை. சந்தையில் பேரம் பேசி வாங்கியதற்குத் துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது. கொள்முதலைக் காட்ட முடியாவிட்டால் விற்ற தொகை முழுவதும் லாபம்போல் நிற்கிறது, அதற்கு வரி. ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கடைக்காரரிடம் கேட்டு, உங்கள் பெயர், தேதி, எத்தனை உருப்படி, என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். கடைகளில் கொடுக்கும் வழவழப்பான தாளில் அச்சிட்ட பில் சில மாதங்களில் வெளுத்து வெற்றுத் தாளாகிவிடும். அன்றிரவு ஹோட்டல் அறையிலேயே படம் எடுத்து, எந்த நாணய மாற்று விகிதத்தில் வாங்கினீர்கள் என்பதையும் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.