பெயரைச் சொல்லவில்லை, ஆனால் ஊருக்கே தெரிந்துவிட்டது: போக்சோ வழக்குகளும் நம் செய்திப் பழக்கமும்

மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. "பத்து வயதுச் சிறுமிக்குப் பாலியல் தொல்லை: தாய்மாமன் போக்சோவில் கைது" என்பது தலைப்பு. அதன் கீழே தாய்மாமனின் பெயர், வயது, தொழில், ஊர், சில வேளைகளில் தெருவும் கூட இருக்கும். சிறுமியின் பெயர் மட்டும் இருக்காது. பெயரை விட்டுவிட்டதால் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டோம் என்று எழுதியவர் நினைக்கிறார். வாசிப்பவரும் அப்படியே நம்புகிறார். ஆனால் அந்த மனிதருக்கு உடன்பிறந்த அக்கா எத்தனை பேர், அவர்களில் யாருக்குப் பத்து வயதில் பெண் இருக்கிறாள் என்பது அந்தத் தெருவுக்கும், உறவினர்களுக்கும், பள்ளிக்கும் தெரியும். அந்தக் குழந்தை நாள்தோறும் முகம் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 40-ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் குடும்பம் தனக்கென ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. அந்த இடத்தில் நின்று மகளிர் நீதிமன்றத்தில் வழக்காடி வரும் வழக்கறிஞராக, அடையாளத்தைக் காப்பதை நம் சமூகம் ஏதோ நாகரிகம் சார்ந்த விஷயமாகவும் குடும்ப மானம் சார்ந்த விஷயமாகவும் மட்டுமே பார்க்கிறது என்பது என் கவலை. உண்மையில் அது வழக்கின் உயிர்நாடி. அடையாளம் வெளியே போன வழக்கில் குழந்தை சாட்சிக் கூண்டுவரை வந்து நிற்பது மிகக் கடினமாகிவிடுகிறது. குற்றவாளிக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று முழங்குபவர்களே, குழந்தையை அடையாளம் காட்டுவதன் மூலம், அந்தத் தண்டனை கிடைக்காமல் போகும் வழியைத் திறந்துவிடுகிறார்கள்.

சட்டம் சொல்வது மிகத் தெளிவானது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 23-ஆவது பிரிவில், குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றையும், அடையாளம் தெரிய வழிவகுக்கும் வேறு எந்த விவரத்தையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. அந்தக் கடைசிச் சொற்றொடரைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எழுதிய நிருபரின் செயலுக்கு வெளியீட்டாளரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. குழந்தையின் நலனுக்கு வெளியிடுவது அவசியம் என்றால், அதற்கு அனுமதி தரும் அதிகாரம், காரணங்களை எழுத்தில் பதிவு செய்யும் சிறப்பு நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. பெற்றோர் கேமராவின் முன்னால் தாமாக வந்து பேசினார்கள் என்பது அந்த அனுமதிக்கு ஈடாகாது. இது பல செய்தியாளர்களுக்கே தெரிவதில்லை.

வயது வந்த பெண்களின் பாலியல் வல்லுறவு வழக்குகளுக்கு இதே பாதுகாப்பு 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவாக இருக்கிறது. 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மதன் லோக்கூர், தீபக் குப்தா ஆகியோர் இந்த விதிகளை விரிவாக விளக்கி, தொலைவிலிருந்தாவது அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலையும் அச்சிலோ, மின்னணு ஊடகத்திலோ, சமூக ஊடகத்திலோ வெளியிடக் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். இத்தகைய வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையைக் காவல்துறை பொதுவெளியில் வைக்கக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. ஆகவே சட்டம் போதவில்லை என்று சொல்ல வழியில்லை.

நடைமுறையில் அடையாளம் கசிவது ஒரே இடத்திலிருந்து அல்ல. ஒரு நாளிதழ் குற்றவாளி என்று சொல்லப்படுபவரின் பெயரைத் தருகிறது, உறவுமுறையைத் தரவில்லை. இன்னொன்று உறவுமுறையைத் தருகிறது, பெயரைத் தரவில்லை. யூடியூப் சேனல் ஒன்று பள்ளியின் வாசலில் நின்று பேசுகிறது. ஒவ்வொருவரும் தங்கள் மட்டில் கவனமாக இருந்ததாகவே சொல்வார்கள். மூன்றையும் தன் கைப்பேசியில் ஒரே காலையில் பார்ப்பவருக்கு மிச்சம் வைக்க எதுவும் இல்லை. முன்பெல்லாம் இந்தத் துண்டுகள் வெவ்வேறு வாசகர்களிடம் சிதறிக் கிடந்தன. இப்போது ஊர் வாட்ஸ்அப் குழு ஒன்று போதும். அனைத்தும் சில நிமிடங்களில் அங்கே வந்து சேர்ந்துவிடும், நாளிதழ் அச்சிடத் தயங்கிய பெயரை யாராவது ஒருவர் கீழே எழுதியும் விடுவார்.

என்னிடம் வந்த ஒரு தாயின் கதையை, விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். புகார் கொடுத்து நான்கைந்து நாட்கள்தான் ஆகியிருந்தன. சேனல் ஒன்றுக்கு அவர் பேட்டி கொடுத்திருந்தார். "மூஞ்சி தெரியாதும்மா, கவலப்படாதீங்க" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னபடியே முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த திண்ணையையும், பச்சை நிறக் கதவையும், பக்கத்து வீட்டில் தொங்கிய தையல் கடைப் பலகையையும் மங்கலாக்கவில்லை. குரலை மாற்றவில்லை. பேச்சுக்கு நடுவே குழந்தையின் சீருடை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. "என் கொழுந்தியா பக்கத்து ஊர்லேர்ந்து போன் பண்ணி, உன் வீடு டிவில வருதுக்கான்னு கேக்குறா மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் கைப்பேசியை என் மேசையில் வைத்தார். அந்தக் காணொளியின் கீழே இருந்த கருத்துகளில் பெரும்பாலானவை குற்றவாளியைத் தூக்கில் போடச் சொல்பவை. அவற்றின் நடுவே ஒருவர் குழந்தையின் பெயரை எழுதி, "பாவம், எங்க பாப்பாவோட கிளாஸ்தான்" என்று இரங்கியிருந்தார்.

அந்த இரக்கத்தில் பொய் இல்லை. ஆனால் மறுவாரமே அந்தக் குழந்தை பள்ளிக்குப் போக மறுத்தாள். அதற்கடுத்த மாதம் குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தது. குடிபெயர்ந்த குடும்பத்துக்கு நீதிமன்றச் சம்மன் போய்ச் சேருவதே பெரும்பாடு. தந்தை புதிய ஊரில் கிடைத்த வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வர வேண்டும். குழந்தையின் சாட்சியத்தை வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்ட 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 35-ஆவது பிரிவு சொல்கிறது. நடப்பில் அது நீண்டுகொண்டே போகிறது. அந்த இடைவெளியில்தான் சமரசம் பேசுபவர்கள் வருகிறார்கள். யார் வீடு என்று ஊருக்குத் தெரிந்திருப்பதால், எதிர்த்தரப்பின் உறவினர்கள் மட்டுமின்றி, ஊர்ப் பெரியவர்களும் அரசியல் செல்வாக்குள்ளவர்களும் கூட வாசலுக்கு வருவார்கள். "பொண்ணோட எதிர்காலத்த யோசிங்க" என்பதுதான் அவர்கள் எப்போதும் சொல்லும் சொல். யார் வீடு என்று தெரியாமலிருந்தால் அவர்களில் பாதிப்பேருக்கு வரவே வழியிருந்திருக்காது. கடைசியில் தாய் நீதிமன்றத்துக்கு வந்து தனக்கு எதுவும் தெரியாது என்கிறார். அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கோருகிறார். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிறார். மறுநாள் அதே சேனல், நீதி தோற்றது என்று செய்தி போடும்.

ஊடகத்தை மட்டும் குற்றம் சொல்லி ஒதுங்கிவிட முடியாது. அரசு இயந்திரமே தவறியிருக்கிறது. 2019-இல், இளம் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து காணொளி எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த மாணவியின் பெயர் காவல்துறையின் செய்தியாளர் சந்திப்பிலும், வழக்கை மத்திய புலனாய்வுத் துறைக்கு மாற்றிய அரசாணையிலும் வெளியானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஒரு மாணவி துணிந்து முன்வந்ததால்தான் அந்த வழக்கே வெளிச்சத்துக்கு வந்தது. அப்படி வந்தவருக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு எத்தனை பெண்கள் புகாரைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 மே மாதம், கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அத்தனை நெருக்கடிக்குப் பிறகும் அந்தப் பெண்கள் உறுதியாக நின்று சாட்சி சொன்னதால் கிடைத்த தீர்ப்பு அது.

அந்த அனுபவம் பாடமாகியிருக்க வேண்டும். ஆனால் 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் பாலியல் வன்கொடுமை வழக்கில், முதல் தகவல் அறிக்கையே காவல்துறையின் இணையதளத்திலிருந்து தரவிறக்கப்பட்டுப் பரவியது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் தரப்பட்டது. பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்த சென்னை உயர் நீதிமன்றம், மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னதோடு, அந்த அறிக்கை எழுதப்பட்டிருந்த விதமே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்வதாக இருக்கிறது என்றும் கண்டித்தது. கோளாறு நேர்ந்திருக்கலாம். ஆனால் இணையதளத்தில் அதைப் பார்த்தவர்கள் தரவிறக்கியதும், ஒருவர் பத்துப் பேருக்கு அனுப்பியதும் கோளாறு அல்ல. பெயரும் முகவரியும் இருக்கிற ஆவணம் என்று தெரிந்தே அது கைமாறியது. அரசைச் சாடுவதற்காக அனுப்பியவர்களும் இருந்தார்கள், அரசைக் காப்பதற்காக மாணவியின் நடத்தையைக் கேள்வி கேட்டு அனுப்பியவர்களும் இருந்தார்கள். அந்த மாணவிக்கு இரண்டு தரப்பும் செய்த தீங்கு ஒன்றுதான்.

இது தமிழ்நாட்டின் சிக்கல் மட்டும் இல்லை. 2018-இல் ஜம்மு-காஷ்மீரின் கத்துவாவில் கொல்லப்பட்ட எட்டு வயதுக் குழந்தையின் பெயரையும் படத்தையும் நாடே பதாகையில் ஏந்தியது. டெல்லி உயர் நீதிமன்றம் 12 ஊடக நிறுவனங்களைத் தலா 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் கொல்லப்பட்ட மருத்துவரின் பெயரை ஹேஷ்டேக் ஆக்கி நீதி கேட்டார்கள். அவருடைய பெயரையும் படங்களையும் காணொளிகளையும் எல்லாச் சமூக ஊடகங்களிலிருந்தும் நீக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. போராட்டத்துக்கு ஒரு முகம் தேவை என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 2012 டெல்லி வழக்கில் நாடே தெருவுக்கு வந்து சட்டத்தை மாற்ற வைத்தபோது, அந்தப் பெண்ணை அழைக்க நிர்பயா என்ற புனைபெயர் போதுமானதாக இருந்தது.

இதற்கு எதிராக ஒரு நேர்மையான கேள்வி உண்டு. பெயரை மறைப்பதே, நடந்தது அவளுக்கு அவமானம் என்ற எண்ணத்தை வளர்க்காதா, தவறு செய்யாதவள் ஏன் ஒளிய வேண்டும் என்று இளம் தோழிகள் என்னிடம் கேட்கிறார்கள். வயது வந்த பெண் தன் பெயரோடு பேச விரும்பினால் எழுத்துப்பூர்வமாக அனுமதி தர சட்டமே இடம் கொடுக்கிறது. அப்படி முன்வரும் பெண்களின் துணிவுக்கு நான் தலைவணங்குகிறேன். குழந்தை அந்த முடிவை எடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து வேலைக்கோ திருமணத்துக்கோ அவள் பெயரைத் தேடுபவருக்கு எது கிடைக்க வேண்டும் என்பதை, பத்து வயதில் அவளுக்காக ஒரு நிருபரோ ஒரு கட்சித் தொண்டரோ தீர்மானித்துவிடக் கூடாது.

செய்தி எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குற்றம் சாட்டப்பட்டவர் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றால், அவருடைய பெயர், உறவுமுறை, ஊர் மூன்றும் ஒரே செய்தியில் சேரவே கூடாது. உறவினர் கைது என்பது செய்தியின் சாரம் என்றால் அதை எழுதுங்கள். பெயரும் ஊரும் வேண்டாம், மாவட்டம் போதும். ஆசிரியர் கைதான வழக்கில் பள்ளியின் பெயரைச் சட்டமே தடுக்கிறது. பள்ளி எது என்று தெரிந்தால்தானே மற்ற பெற்றோர் எச்சரிக்கையாக இருப்பார்கள் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றாலும், அந்தப் பொறுப்பைக் கல்வித் துறையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் பெற்றோரை நேரில் கூட்டிச் செய்ய வேண்டுமே ஒழிய, தலைப்புச் செய்தி செய்ய முடியாது. குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமையை "உல்லாசம்", "ஆசை வார்த்தை" என்று எழுதும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவளுடைய சம்மதம் என்ற ஒன்று இருந்ததுபோல் அது வாசகரை நினைக்க வைக்கிறது.

வாசகராக நீங்கள் அத்தகைய காணொளியையோ ஆவணத்தையோ பார்த்தால், கண்டிப்பதற்காகக் கூடப் பகிர வேண்டாம். இணைப்பைக் குறித்துக்கொண்டு, அந்தத் தளத்தின் புகார் வசதியில் புகாரளியுங்கள். குழந்தை உதவி எண் 1098-லும், சைபர் குற்ற உதவி எண் 1930-லும் தெரிவிக்கலாம். காவல் நிலையத்தில், 23-ஆவது பிரிவின் கீழ் விசாரிக்க மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்ப முயல்வதுண்டு. 2022-இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இந்தக் கேள்வியில் மாறுபட்ட தீர்ப்புகளை எழுதினார்கள் என்பது உண்மை. ஆனால் எழுத்துப்பூர்வமான புகாரைப் பெற்றுக்கொள்ள மறுக்க அது காரணமாகாது. ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, நகலைக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் கொடுங்கள். புகாரில் குழந்தையின் பெயரையோ வீட்டையோ எழுத வேண்டியதில்லை. குற்ற எண் தெரிந்தால் அதையும் காவல் நிலையத்தின் பெயரையும், தெரியாவிட்டால் காணொளியின் இணைப்பையும் அதைப் பார்த்த நாளையும் நேரத்தையும் மட்டும் எழுதினால் போதும்.