பூஜ்யம் எது? வீட்டில் செய்த டர்போ மானி

டர்போ பொருத்திய காரில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்கிறதே, அதற்குக் காரணம் காற்று. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. எவ்வளவு அழுத்தத்தில் திணிக்கிறது என்று காட்டும் மானி பல கார்களில் இருப்பதில்லை. ஒரு அழுத்த சென்சார், நிரல் எழுதி இயக்கக்கூடிய ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை, ஒரு சின்னத் திரை இருந்தால் நாமே செய்துகொள்ளலாம். கணக்கு எளிதுதான். நான் தடுக்கி விழுந்தது பூஜ்யத்தில்.

நான் எடுத்துக்கொண்டது எம்பிஎக்ஸ் 4250 என்ற சென்சார். உள்ளே மெல்லிய சிலிக்கான் சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கம் வெற்றிடமாக மூடப்பட்டது, மறுபக்கத்துக்குக் குழாய் வழியாக எஞ்சினின் காற்று வருகிறது. காற்று தள்ளத் தள்ள சவ்வு வளைகிறது, மின்தடை மாறுகிறது, சென்சார் அதை வோல்ட்டாக்கித் தருகிறது. அழுத்தத்தை 20 முதல் 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும். ஒரு கிலோபாஸ்கல் ஏறினால் 20 மில்லிவோல்ட் ஏறும். கடல் மட்டத்தில் எஞ்சின் ஓடாதபோது வெளிக்காற்றின் 101.3 கிலோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 1.83 வோல்ட் வரும். டர்போ அதற்கு மேல் 100 கிலோபாஸ்கல், அதாவது 1 பார், ஏற்றினால் 3.83 வோல்ட்.

பலகை இந்த வோல்ட்டை 0 முதல் 1023 வரையிலான எண்ணாக மாற்றுகிறது. இங்கே ஓர் அழகு உண்டு. சென்சார் தருவது தனக்கு ஊட்டப்படும் 5 வோல்ட்டில் ஒரு பங்கைத்தான். பலகையும் அதே 5 வோல்ட்டை அளவுகோலாக வைத்துத்தான் அளக்கிறது. ஆகவே ஊட்டம் 4.9 வோல்ட்டாகக் குறைந்தாலும் இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. வெளிக்காற்றுக்கு அப்போதும் 374 என்றுதான் வரும். சென்சாருக்கும் பலகைக்கும் தனித்தனி ஊட்டம் கொடுத்தால் இந்த வசதி போய்விடும்.

இனி பூஜ்யம். சென்சாருக்குப் பூஜ்யம் என்றால் வெற்றிடம். ஓட்டுபவருக்குப் பூஜ்யம் என்றால் வெளிக்காற்று. அதற்கு மேல் உள்ளதுதான் பூஸ்ட். எனவே வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். 101.3 என்று நிரலில் எழுதிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் 2000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று ஏறத்தாழ 80 கிலோபாஸ்கல்தான். அங்கே வண்டி சும்மா நிற்கும்போதே மானி மைனஸ் 21 என்று காட்டும். அதனால் சாவியைத் திருகியதும், எஞ்சின் ஓடத் தொடங்குமுன், சென்சார் சொல்வதையே அன்றைய பூஜ்யமாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். சென்சாரின் நிரந்தரப் பிழை சில கிலோபாஸ்கல் இருந்தாலும் இந்தக் கழித்தலில் அதுவும் சேர்ந்து கரைந்துபோகும்.

நானும் அப்படியே செய்தேன். சில நாள் சரியாக இருந்தது. ஒரு காலையில் டர்போ விழிக்கும் அளவுக்கு மிதிக்கவே இல்லை, மானி 60க்கு மேல் பூஸ்ட் என்றது. குழாயைச் சந்தேகித்தேன், சென்சாரைச் சந்தேகித்தேன். குற்றவாளி ஸ்டார்ட்டர் மோட்டார். அது சுழலும்போது பேட்டரியின் 12 வோல்ட் சட்டென்று சரிகிறது. பேட்டரி மின்சாரத்தை 5 வோல்ட்டாக்கும் என் மலிவான சீராக்கிக்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட்டாவது வேண்டும். அது கிடைக்காமல் பலகை அணைந்து, எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு மறுபடி விழித்தது. விழித்ததும் கடமை தவறாமல் பூஜ்யம் எடுத்தது! பெட்ரோல் எஞ்சின் சும்மா ஓடும்போது, காற்று வழியை மூடித் திறக்கும் த்ராட்டில் மூடியிருப்பதால் உள்ளே ஏறத்தாழ 35 கிலோபாஸ்கல்தான் இருக்கும். அதையே வெளிக்காற்று என்று நம்பிவிட்டது. (பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் காற்றை இப்படி அடைப்பதில்லை, அங்கே இந்தத் தவறு வெளியே தெரியாமலே ஒளிந்திருக்கும்.)

மருந்து இரண்டு. குறைந்த வோல்ட்டிலும் தாங்கும் சீராக்கி ஒன்று. 60க்கும் 105 கிலோபாஸ்கலுக்கும் இடைப்பட்ட அழுத்தத்தை மட்டுமே பூஜ்யமாக ஏற்று, மற்றபடி நினைவகத்தில் உள்ள பழைய பூஜ்யத்தை எடுத்துக்கொள்ளும் நான்கு வரி நிரல் இன்னொன்று. ஃபியூஸும் மின்வீச்சைத் தடுக்கும் டையோடும் சொல்லாமலே இருக்க வேண்டியவை. காரின் மின்கம்பி அவ்வளவு சாதுவானது அல்ல.

குழாயை த்ராட்டிலுக்கும் எஞ்சினுக்கும் இடையே இணைக்க வேண்டும். பிரேக்குக்குப் போகும் குழாயில் மட்டும் கை வைக்க வேண்டாம். சென்சாரின் வாய் கீழ்நோக்கி இருந்தால் எண்ணெயும் ஈரமும் உள்ளே தேங்காது.

கடைசித் தொல்லை நடுக்கம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும்போது நொடிக்கு 100 முறை உள்வால்வுகள் திறந்து காற்றை உறிஞ்சுகின்றன. ஒவ்வோர் உறிஞ்சலுக்கும் அழுத்தம் துடிக்கிறது. பலகையோ நொடிக்குப் பல்லாயிரம் முறை அளக்க வல்லது, அதனால் திரையில் எண்கள் கொதிக்கின்றன. சராசரி எடுத்தால் அடங்கும். அளவுக்கு மீறி எடுத்தால், கியர் மாற்றும் கணத்தில் எழுந்து மறையும் உச்சமும் அதில் கரைந்துவிடும். எஞ்சினுக்கு ஆபத்து அந்த உச்சத்தில்தான். ஆகவே ஒரே அளவீட்டை இரண்டு வழியாகப் பிரித்தேன். நிதானமான சராசரி, கண்ணுக்கான பட்டைக்கு. துடிப்பை மட்டும் அடக்கிய வேகமான சராசரி, உச்சத்தைப் பிடித்துவைக்கும் எண்ணுக்கு. என் திரையின் மூலையில் இப்போது 94 என்று நிற்கிறது. பட்டை 90ஐத் தாண்டியதை நான் பார்த்ததே இல்லை.