வன்னியும் கள்ளியும் கோலாலம்பூர் மழையும்

விஜயதசமி நெருங்கினால் கோயில் நிர்வாகத்தினர் வன்னிக் கன்று கேட்டுக் கூப்பிடுவார்கள். மற்ற மாதங்களில், கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) வசிப்பவர்கள் அழுகிப்போன கள்ளிச்செடியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். செடித் தொழிலில் இருக்கும் என்னிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பாலைவனச் செடிதானே, நம்ம வெயில் தாங்காதா?" வெயிலைத் தாங்கும். நம் ஈரத்தைத்தான் தாங்காது.

வன்னி செழிக்கும் தார் பாலைவனத்தைப் பாருங்கள். அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்றின் போக்கிலேயே ஆரவல்லி மலைத்தொடரும் நீண்டு கிடக்கிறது. அதனால் காற்று மலையில் மோதி மேலே ஏறி மழையாகாமல் பக்கவாட்டிலேயே போய்விடுகிறது. ஜெய்சால்மர் பக்கம் ஆண்டுக்கு 200 மி.மீ. மழை பெய்தாலே பெரிய விஷயம். அதுவும் பெரும்பாலும் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் முடிந்துவிடும். கோலாலம்பூரில் ஆண்டு மழை 2,000 மி.மீ.யைத் தாண்டும். கோடையில் 50 பாகை செல்சியஸை நெருங்கும் தார், ஜனவரி இரவில் நடுங்க வைக்கும். நமக்கோ நள்ளிரவிலும் 24, 25 பாகை, அதோடு புழுக்கம்.

வன்னி தண்ணீரைச் சேமிக்கும் மரமல்ல, தேடிப் போகும் மரம். ஆணிவேர் நிலத்தடி நீரை நோக்கி ஆழமாக இறங்கும். பயறு வகைக் குடும்பம் என்பதால் மண்ணில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சேரும். ராஜஸ்தான் விவசாயிகள் இதை வெட்டாமல் விட்டு, அடியிலேயே கம்பு விதைக்கிறார்கள். 1730-இல் கேஜர்லி கிராமத்தில் இம்மரங்களை வெட்டவிடாமல் தடுத்து மரங்களைக் காப்பதை நெறியாகக் கொண்ட பிஷ்னோய் சமூகத்தினர் 363 பேர் உயிரைவிட்டார்கள். அப்படிப்பட்ட மரத்தைப் பூச்சாடியில் வருடக்கணக்கில் அடைத்து வைத்தால் வேர் சுருண்டுவிடும். கோயில் வளாகத்தில் மழைநீர் நிற்காத மேட்டில், மணல் கலந்து நடுங்கள். வாங்கும்போது முள்ளையும் கவனியுங்கள், சீமைக் கருவேலக் கன்றும் பார்க்க வன்னி போலவே இருக்கும். வன்னிக்குக் கணுக்களுக்கு இடையே முள் சிதறியிருக்கும். சீமைக் கருவேலத்துக்குக் கணுவில்தான் இருக்கும்.

கள்ளிச்செடி வேறு ரகம். கடைகளில் 'கேக்டஸ்' என்று விற்பவை பெரும்பாலும் பூர்வீகத்தில் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். பகலில் தண்டிலுள்ள நுண்ணிய சுவாசத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுத்து, அமிலமாக வைத்திருந்து மறுநாள் வெயிலில் பயன்படுத்தும். தண்டில் தண்ணீர் இருப்பதால் வாரக்கணக்கில் காத்திருக்கும். பாவம் பார்த்து தினம் ஊற்றினால் வேரில் பூஞ்சணம் பிடித்து அடித்தண்டு கொழகொழத்துவிடும். துளையில்லாத கண்ணாடிக் குடுவை வேண்டவே வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பியூமிஸ் என்ற எடை குறைந்த எரிமலைக் கல்லும் பெருமணலும் கலந்த மண், மழைச்சாரல் படாத வெளிச்சமான பால்கனி போதும். மண் அடிவரை காய்ந்த பிறகு ஊற்றுங்கள்.

அப்புறம், 'பாலைவன ரோஜா' எனப்படும் அடினியம். ஆப்பிரிக்கா, அரபு வறண்ட நிலங்களைச் சேர்ந்த இதன் பால் இதயத்தைத் தாக்கும் நஞ்சு; ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். குழந்தைகள், பூனைகள் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள், வெட்டிய இடம் காயும்வரை மழையில் வைக்காதீர்கள்.