அணையாத டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு

மழை நாளில் வண்டியைக் கிளப்பும்போது, வளைந்த தடங்களோடு இருக்கும் அந்த மஞ்சள் கார் படம் டேஷ்போர்டில் விட்டுவிட்டுச் சிமிட்டினால் பயப்பட வேண்டாம். சக்கரம் வழுக்கி வெறுமனே சுற்றாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் அப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது. அணையாமல் எரிந்தால்தான் விஷயம்: யாராவது பட்டனை அழுத்தி நிறுத்தியிருக்கலாம், இல்லையேல் எங்கோ பழுது.

எஞ்சினின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டால் அதைச் சுழற்றக் கொஞ்சம் விசையே போதும். தார்ச்சாலையில் நிற்கும் மறுசக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். ஒன்று வெறுமனே சுற்றும், மற்றது அசையாது. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் கணினி இதைக் கண்டுபிடித்து எஞ்சினின் விசையைக் குறைக்கிறது. கூடவே, சுற்றுகிற சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கிறது. பிடித்ததும் அந்தப் பக்கம் எதிர்ப்பு கூடும். கூடிய எதிர்ப்புக்கு ஈடான விசை மறுபக்கத்துக்கும் போகும், வண்டி நகரும். நிறுத்துவதற்காக வைத்த பிரேக்கே வண்டியை நகர்த்துகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இந்த ஏற்பாடு முழுக்க, பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் மேல் கட்டியது. பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. 1980களில் அதே சென்சார்களோடு இன்னும் சில வால்வுகளையும் சேர்த்து டிராக்‌ஷன் கன்ட்ரோல் வந்தது. அதனால்தான் பழுதானால் பெரும்பாலும் ஏபிஎஸ் விளக்கும் இந்த விளக்கும் சேர்ந்தே எரிகின்றன.

முதலில் சந்தேகப்பட வேண்டியது சக்கரத்தருகே இருக்கும் வேகச் சென்சாரை. அதன் காந்தம் இரும்புத் தூளை இழுத்து வைத்துக்கொள்ளும். ஸ்டீயரிங்கோடு சேர்ந்து மடங்கி மடங்கி ஒயர் உள்ளுக்குள் அறுந்துபோகும். பேரிங் மாற்றியதும் விளக்கு எரியத் தொடங்கியதா? பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே சென்சார் படிக்கும் காந்த வளையம் இருக்கிறது. பேரிங்கைத் திருப்பி அடித்துவிட்டால் சென்சாருக்கு எதுவுமே தெரியாது. ஒரு டயர் மட்டும் வேறு அளவில் இருந்தாலோ, பேட்டரி பலவீனமாக இருந்தாலோ, எஞ்சினிலேயே கோளாறு இருந்தாலோகூட இந்த விளக்கு எரியலாம். காரின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர்களில் விலை குறைந்தவை பலவும் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் குறியீடுகளைப் படிக்கும் கருவி இருக்கிற மெக்கானிக்கிடம் போனால் எந்தச் சக்கரம் என்றே தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றுவது காசைக் கரைக்கும் வேலை.

ஆஃப் பட்டன் வேறொரு தேவைக்கு வைத்தது. ஆழமான மணலிலோ சேற்றிலோ சிக்கினால் சக்கரம் கொஞ்சம் சுற்றித்தான் வெளியே வர வேண்டும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் விசையைக் குறைத்து அதைத் தடுத்துவிடும். அப்போது அணைத்துவிட்டு, மெதுவாக மிதித்து வெளியே வந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள். விளக்குத் தொல்லைக்காக ஃபியூஸைப் பிடுங்குகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், பெரும்பாலான கார்களில் அதோடு ஏபிஎஸ்ஸும் போய்விடும்.