பாபின் வளையத்துக்குள் நுழையும் கதை

"சார், தையல் மிஷினில் மேல் நூல் ரீலில் சுற்றியிருக்கிறது. கீழ் நூல் பாபின் என்ற குட்டி உருளையில் சுற்றியிருக்கிறது. இரண்டுக்கும் நுனியே கிடையாது. அப்புறம் எப்படி ஒன்றுக்குள் ஒன்று போய்ப் பின்னிக்கொள்கிறது?"

பாடாங் செராயிலிருந்து ஒரு வாசகி குரல்பதிவில் அனுப்பிய கேள்வி. கேள்விக்குப் பின்னால் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. அவர் வழக்கமாக நூல் வாங்கும் சின்னக் கடையில் 'இலையுதிர்காலப் பூத்தையல்' என்று ஒரு பொட்டலம் வந்திருக்கிறது. மேப்பிள் இலை அச்சடித்த துணி, ஒரு மரவளையம், ஆரஞ்சு, செங்கல் நிறம், கடுகு மஞ்சள் என்று ஆறு ரேயான் நூல்கண்டுகள். வீட்டிலுள்ள பழைய கறுப்பு மிதி மிஷினில் வளையத்தை வைத்து ஓட்டினால், நான்கு விரற்கடை போவதற்குள் மேல் நூல் பிசிறிப் பிய்ந்துவிடுகிறதாம். வழக்கமான பாலியெஸ்டர் நூல் போட்டால் ஒரு தொந்தரவும் இல்லையாம். கடைக்கார அக்கா, "நூல் நல்ல நூல்தான், உன் மிஷினுக்குத்தான் வயசாகிவிட்டது" என்று சொல்லிவிட்டாராம்.

மிஷின் மேல் தப்பில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முதல் கேள்விக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும்.

கையால் தைக்கும்போது ஊசி முழுதாகத் துணியைக் கடந்து அந்தப் பக்கம் போகிறது, நூலின் நுனியும் கூடவே போகிறது. மிஷின் ஊசியால் அது முடியாது. அதன் தலையை ஒரு கம்பி பிடித்துக்கொண்டிருக்கிறது. முனை மட்டும் துணிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடும். அதனால்தான் அதற்குக் காது முனையருகே இருக்கிறது.

ஒரே நூலை வைத்துச் சமாளிக்கும் வழி ஒன்று உண்டு. அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருப்பார்களே, அந்தச் சங்கிலித் தையல். ஒவ்வொரு வளையமும் அடுத்த வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். 1830-இல் பிரான்சில் தீமொனியே காப்புரிமை வாங்கிய மிஷின் இந்தத் தையலைத்தான் போட்டது. மறு வருடம் தையற்காரர்கள் கூட்டமாக வந்து அவருடைய பட்டறையை உடைத்தார்கள். மூட்டைக்குச் சரி, பள்ளிக்கூடச் சட்டைக்கு இது ஆகாது. 1846-இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோ இரண்டு நூல் போட்டுப் பூட்டும் தையலுக்குக் காப்புரிமை வாங்கினார். 1851-இல் சிங்கர் வந்தார். மற்ற வரலாறு நம் பாட்டிமார் வீட்டு மூலையில் இரும்புக் காலோடு நின்றது.

இப்போது உங்கள் மிஷினின் தகட்டை நகர்த்திவிட்டு, மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி கீழே இறங்கி அடியைத் தொடுகிறது. உடனே எதுவும் நடப்பதில்லை. பிறகு சுமார் 2 மில்லிமீட்டர் மேலே ஏறுகிறது. அந்த 2 மில்லிமீட்டரில்தான் வித்தை.

ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், ஒரு பக்கம் நெடுக ஒரு வாய்க்கால் ஓடுவது தெரியும். ரப்பர் மரத்தில் பால் வடிய வெட்டுவார்களே, அந்த மாதிரி மெல்லிய கோடு. அந்தப் பக்கத்து நூல் வாய்க்காலுக்குள் பதுங்கிக்கொள்வதால் துணி அதை உரசாது. எதிர்ப்பக்கம் நீள வாய்க்கால் இல்லை. அங்கே நூல் ஊசிக்கும் துணிக்கும் நடுவில் நசுங்கி நிற்கிறது. ஊசி ஏறும்போது வாய்க்கால் பக்கத்து நூல் கூடவே வழுக்கி ஏறிவிடும். நசுங்கிய பக்கத்து நூலைத் துணி விடாது. ஏற முடியாத நூல் என்ன செய்யும்? பக்கவாட்டில் பிதுங்கி ஒரு குட்டி வளையமாக நிற்கும். ஊசியின் காதுக்கு மேலே அந்தப் பக்கம் ஒரு சின்னக் குழிவும் செதுக்கியிருப்பார்கள். அதே நொடியில், பாபினைச் சுமந்து கீழே ஆடும் ஷட்டிலின் கூரிய கொக்கி அந்தக் குழிவை ஒட்டி வந்து வளையத்துக்குள் மூக்கை நுழைக்கிறது.

அடுத்துதான் எனக்கு மிகப் பிடித்த இடம். கொக்கி அந்த வளையத்தை இழுத்துப் பெரிதாக்கி, பாபினையும் அதன் கூட்டையும் சுற்றி, ஒரு பக்கம் முன்னால், ஒரு பக்கம் பின்னால் என்று கடத்திவிடுகிறது. சின்னப் பிள்ளைக்குப் பாவாடையைத் தலைவழியே மாட்டிக் கால்வழியே கழற்றினால் எப்படியோ, அப்படி. பிள்ளை காலைத் தூக்கினால்தான் பாவாடை வெளியே வரும். பாபினும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. எந்தத் திருகாணியும் அதை மிஷினோடு முடுக்கி வைக்கவில்லை. சுழலாமல் ஒரு இரும்பு விரல் மட்டும் தடுக்கிறது. ஷட்டிலைத் தள்ளும் துண்டும் ஷட்டிலோடு ஒட்டாமல், நூல் போகிற அளவு சந்து விட்டுத்தான் தள்ளுகிறது. பழைய மிஷினில் ஷட்டிலைத் தொட்டால் லொடலொடவென்று ஆடுவது பழுது என்று நினைக்காதீர்கள். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் தையலே இல்லை.

ஆக, வாசகியின் கேள்விக்கு விடை: நுனி இல்லாமல் இல்லை. பாபின்தான் நுனி. கைத்தையலில் ஊசி வளையத்துக்குள் நுழைகிறது. இங்கே நூல்கண்டே முழுசாக வளையத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தடவை. பாபின் ஏன் அவ்வளவு குட்டியாக இருக்கிறது, பாதியில் ஏன் தீர்ந்து தொலைக்கிறது என்று திட்டுகிறோமே, காரணம் இதுதான். பெரிய பாபின் வைத்தால் வளையமும் அதைச் சுற்றிப் போகிற அளவு பெரிதாக வேண்டும்.

எனக்கு இது பன்னிரண்டு வயதில் புரிந்தது. தோட்டத்து லயத்தில் அம்மாவின் மிஷினைக் கழற்றிப் பார்த்து, ஒரு திருகாணியைத் தொலைத்து, தீபாவளிச் சட்டை தாமதமாகி, வாங்கிய அடியோடு புரிந்தது. இப்போது பள்ளிகளில் அறிவியல் ஆர்வத்துக்கென்று நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்கு ரோபோ பெட்டிகள் வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஆனால் பழைய இரும்புக்கடையில் கிடக்கும் ஒரு மிதி மிஷினை வகுப்பு நடுவில் வைத்துத் தகட்டைத் திறந்து விட்டால், உராய்வு, நெம்புகோல், கால ஒத்திசைவு எல்லாம் ஒரே மேசையில் கிடைக்கும். கேட்டால் "தையல் பொம்பளைப் பிள்ளைகள் பாடம்" என்பார்கள்.

சரி, பிய்கிற நூலுக்கு வருவோம். பாபின் கூட்டைச் சுற்றி வர வளையத்துக்கு 6 சென்டிமீட்டருக்கு மேல் நூல் வேண்டும். தையலில் தங்கிப்போவதோ 3 மில்லிமீட்டர் போல. மீதி எல்லாவற்றையும் மேலே ஆடும் நெம்புகோல் திரும்ப இழுத்துக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: துணியில் போய்ச் சேருவதற்கு முன் நூலின் ஒவ்வொரு துளியும் ஊசிக் காதின் வழியாக இருபது தடவையாவது இறங்கி ஏறியிருக்கும். பாலியெஸ்டர் தாங்கும். ரேயான் மரக்கூழிலிருந்து எடுத்த இழை. பட்டு மாதிரி மினுங்கும், பலம் குறைவு. காது சின்னதாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஓரிரு இழைகள் உரிந்து, பிசிறு சேர்ந்து, கடைசியில் டப்.

அவர் போட்டிருந்தது ரவிக்கைத் துணிக்கான 11-ஆம் நம்பர் ஊசி, அதாவது 0.75 மில்லிமீட்டர் பருமன். 14-ஆம் நம்பரில், காது பெரிதாக உள்ள எம்ப்ராய்டரி ஊசியாக வாங்கிப் போடச் சொன்னேன். தட்டைப் பக்கம் ஷட்டில் கொக்கி வரும் பக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் குழிவு எதிர்ப்பக்கம் போய்க் கொக்கி வளையத்தைத் தவற விடும் என்றேன். மேல் டென்ஷனையும், அதாவது மேல் நூலின் இறுக்கத்தையும், கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன். உடை தைக்கும்போது இரண்டு நூலும் பின்னிக்கொள்ளும் இடம் துணியின் நடுவில் இருக்க வேண்டும்; பூத்தையலில் அது அடிப்பக்கம் இறங்கினால்தான் மேலே நிறம் சுத்தமாகத் தெரியும். பினாங்கில் ஞோஞ்ஞா கெபாயாவுக்கு, அந்தப் பெரானாக்கான் சீனப் பெண்களின் மேல்சட்டைக்கு, பூப்போட்ட கைகளும் இதே மாதிரி மிதி மிஷினில்தான் ஓட்டின.

அன்றைக்கே ஊசி வாங்க ஓடியிருக்கிறார். மணி ஏழரை. விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்க மாட்டேன் என்று கடைக்கார அக்கா மறுத்துவிட்டாராம். மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில், கீழே விழுந்த ஊசி பிள்ளைகள் காலில் ஏறும் என்று பயந்திருக்கலாம். அதில் நியாயம் உண்டு. பகல் மாதிரி எரியும் எல்இடி விளக்குக்குக் கீழே, அதே கல்லாவில் கத்தரிக்கோல் மட்டும் தாராளமாக விற்பனையாகிறதே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை ஊசி வந்தது. மேப்பிள் இலையை அவர் தைக்கவில்லை. நமக்கு எங்கே மேப்பிள்? வறண்ட மாதங்களில், பிப்ரவரியை ஒட்டி, தோட்டத்து ரப்பர் மரங்கள் செம்பு நிறமாகி உதிர்க்கின்றனவே, ஒரு காம்பில் மூன்று இலை, அதைத்தான் பென்சிலால் வரைந்து தைத்திருக்கிறார். படம் அனுப்பினார். நூல் ஒரு இடத்திலும் பிய்யவில்லை. மூன்றாவது இலை மட்டும் பாதியில் நிற்கிறது. பாபின் தீர்ந்துவிட்டதாம்.