ஜும்பி உந்தோ: சூடேற்றமா, ஆயத்தமா?

தமிழில் வரும் கராத்தே கையேடு எதைத் திறந்தாலும் "முதலில் உடலைச் சூடேற்றும் பயிற்சிகள்" என்று ஒரு தலைப்பு. 'வார்ம் அப்'பை எழுத்துக்கு எழுத்து தமிழாக்கிய விளைவு இது. கராத்தேக்கு அந்த ஆங்கிலச் சொல் மூலமே அல்ல.

மூலச்சொல் ஜும்பி உந்தோ என்னும் ஜப்பானியத் தொடர். ஜும்பி என்றால் முன்கூட்டிச் செய்யும் ஏற்பாடு. உந்தோ என்றால் உடலசைவு, பயிற்சி. அவ்வளவுதான். சூடு எங்கும் இல்லை. (எழுத்துக்கூட்டினால் 'ஜுன்பி', ஒலிக்கும்போது ன் மகரமாகிவிடும். 'உண்டோ' என்று எழுதுபவர்கள், "ஜுன்பி உண்டோ, இல்லையோ?" என்று யாராவது கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.) இது ஏதோ கராத்தே ரகசியச் சொல்லும் அல்ல. ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் இறங்கும் முன் செய்வதற்கும் இதே பெயர்தான்.

'சூடேற்றம்' ஏன் உதவாது? தமிழில் உடம்புச் சூடு என்பது நோய்க்குறி. கண் எரிச்சல், நீர்க்கடுப்பு, வாய்ப்புண் எல்லாம் அதன் கணக்கில் வரும். மருந்து எண்ணெய்க் குளியலும் இளநீரும். பிள்ளையின் உடலை மாஸ்டர் சூடேற்றுகிறார் என்றால் பாட்டி வகுப்பையே நிறுத்திவிடுவார். 'வெதுப்புப் பயிற்சி' என்பவர்கள் ஈழத்தில் வெதுப்பகம் என்றால் ரொட்டிக்கடை என்பதை மறந்தவர்கள். கிரிக்கெட்டின் 'வார்ம் அப் மேட்ச்'சைச் செய்தித்தாள்கள் பயிற்சி ஆட்டம் என்றே எழுதுகின்றன. சூடேற்றும் ஆட்டம் என்று யாரும் எழுதவில்லை. அந்த நிதானம் கராத்தே மொழிபெயர்ப்பாளர்களுக்கு வாய்க்கவில்லை.

பெயர் தவறினால் பயிற்சியும் தவறிப்போகிறது. சூடுதான் குறி என்றால் பத்துச் சுற்று ஓட்டம், இருபது தண்டால், வியர்த்ததும் முடிந்தது. ஒகினாவாவின் நாஹாவைச் சேர்ந்த மியாகி சோஜுன் (1888–1953) நிறுவிய கோஜு-ரியு பாணியில் ஜும்பி உந்தோ கால்விரலில் தொடங்கிக் கழுத்தில் முடிகிறது. குதிகாலை ஊன்றி, பெருவிரலை மட்டும் தூக்கி மற்ற விரல்களைத் தரையில் அழுத்துவது, பிறகு அதையே மாற்றிச் செய்வது. முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலின்மேல் திருப்புவது. அடுத்து கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு. ஒவ்வோர் அசைவுக்கும் பின்னால் ஒரு நுட்பம் காத்திருக்கிறது. மாயே கெரி என்னும் முன் உதையில் விரல்களை மேலே மடக்கி அவற்றின் அடிமேட்டால் அடிக்க வேண்டும். மடங்கிப் பழகாத விரல்தான் முதலில் சுளுக்கிக்கொள்ளும். சான்சின் என்னும் அடிப்படை நிலையில் நிற்கையில் தரையைப் பற்றுவதும் அதே விரல்கள்தான். ஓடினால் வியர்வை வரும், விரல் மடங்காது.

பிழைகளும் இங்கேதான். முழங்காலில் கைவைத்துப் பெரிய வட்டம் போடக் கூடாது. சற்றே மடக்கிச் சிறு வட்டம் போதும். கழுத்தைப் பின்னால் தொங்கவிட்டுச் சுழற்றக் கூடாது. குனிந்து வெட்டி வெட்டி இழுப்பதும் வேண்டாம். உதைப்பதற்குச் சற்று முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அதன் வேகம் தற்காலிகமாகக் குறையும். அந்த இழுப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆக, ஆயத்தப் பயிற்சி. ஆயத்தம் வடசொல் என்று தள்ளி 'அணியப் பயிற்சி' என்பார்கள் தனித்தமிழ் அன்பர்கள். சொல் அழகுதான். ஆனால் கடற்கரையில் அணியம் என்றால் படகின் முன்முனை. மற்ற ஊர்களில் அகராதி வேண்டும். பயிற்சிக் கூடத்தில் உரக்கச் சொன்னதும் புரிய வேண்டிய சொல்லுக்கு இது ஆகாது. 'முன்னாயத்தம்' வேண்டவே வேண்டாம். ஆயத்தம் என்றாலே முன்னால்தான்.

ஒரு குழப்பத்துக்கு இடமுண்டு. கராத்தேயில் 'யோய்' என்றதும் எடுக்கும் நிலையும் ஆயத்தம்தான். டேக்வாண்டோவில் அந்தக் கட்டளையே 'ஜுன்பி', ஜும்பியை எழுதும் அதே சீன எழுத்துகளின் கொரிய ஒலிப்பு. அதை ஆயத்தநிலை என்று வைத்துக்கொண்டால் மோதல் இல்லை. சீ-இஷி என்னும் பிடிவைத்த கல், நிகிரி-காமே என்னும் பிடிஜாடி ஆகியவற்றோடு செய்யும் ஹோஜோ உந்தோவை இதோடு சேர்க்கவும் கூடாது. அது துணைப் பயிற்சி. வலுவைக் கூட்ட, உடல் ஆயத்தமான பிறகு செய்வது.

வகுப்பின் முடிவில் வருவது சேய்ரி உந்தோ. கலைந்ததை ஒழுங்குசெய்வது என்று பொருள். சீராக்கப் பயிற்சி என்றால் சரியாக இருக்கும். அதையும் 'கூல் டவுன்' வழியே பிடித்து 'குளிர்விக்கும் பயிற்சி' ஆக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளைச் சூடேற்றி, ஒரு மணி நேரம் உதைக்கவைத்து, பிறகு குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார்கள் போலும்.